ஐம்பது ஹெர்ட்ஸ் மனிதர்

என் கணவருடைய இதயம் மின்வாரியத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. நான்கு வருடங்களுக்கு முன்னால் அவருடைய சொந்த இதயம் கைவிரித்துவிட்டபோது அந்த இடத்தில் ஒரு பம்ப் வைத்தார்கள். உள்ளங்கையில் அடங்கும். நிமிடத்துக்கு அறுபத்தைந்து தடவை அடிக்கும். படுத்திருந்தாலும் அறுபத்தைந்து, படி ஏறினாலும் அறுபத்தைந்து, நான் திட்டினாலும் அதே அறுபத்தைந்து. தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் இடுப்பில் ஒரு பெல்ட்டைக் கட்டி, அதன் வயரைச் சுவரில் செருகி, இரண்டு மணி நேரம் சார்ஜ் ஏற்ற வேண்டும்.

அந்தப் பம்ப் வந்த புதிதில் நம் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. சாத்தூரில் ஒரு ரேடியோ மெக்கானிக், பம்பின் வேகத்தைக் கூட்டித் தருகிறார் என்று பேச்சு கிளம்பியது. பஸ் ஏறிப் போய் இதயத்தை டியூனிங் செய்துகொண்டு திரும்பினார்கள். கம்பெனி விழித்துக்கொண்டது. பம்பின் கடிகாரத்தை இனி யாரும் தொட முடியாதபடி ஓர் ஏற்பாடு செய்தது. நம் வீட்டுக்கு வரும் கரண்ட் நொடிக்கு ஐம்பது சுற்று சுற்றுகிறது, ஐம்பது ஹெர்ட்ஸ் என்பார்கள். காஷ்மீரிலும் ஐம்பது, கன்னியாகுமரியிலும் ஐம்பது. அதை எந்த மெக்கானிக்காலும் மாற்ற முடியாது. எனவே சார்ஜ் ஏறும்போதெல்லாம் பம்ப் அந்த ஐம்பது சுற்றை எண்ணி, இதுதான் ஒரு நொடி என்று தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும்படி செய்துவிட்டார்கள். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். நானே மெச்சிக்கொண்டேன்.

ஏனென்றால் அந்த ஐம்பதைக் கட்டிக் காத்தவர்களில் நானும் ஒருத்தி. செண்பகவல்லி, உதவி செயற்பொறியாளர், மதுரையில் லோட் டெஸ்பாட்ச் சென்டரில் முப்பத்திரண்டு வருடம். எங்கள் வேலையே திரையில் தெரியும் அந்த ஒரு எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். மின்சாரம் தேவைக்குப் போதவில்லை என்றால் அந்த எண் ஐம்பதிலிருந்து இறங்கும், மிஞ்சினால் ஏறும். இறங்கினால் எங்காவது ஓர் ஊரை இருட்டாக்குவோம். கடைசி இரண்டு வருடம் எனக்கு அது வெறும் எண்ணாக இல்லை. நாற்பத்தொன்பது புள்ளி எட்டு என்று வந்தால், பழங்காநத்தத்தில் என் வீட்டுக் கட்டிலில் பெல்ட்டோடு படுத்திருக்கும் மனிதரின் நெஞ்சு ஒரு நூலளவு தளர்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டு வருடத்தில் எத்தனை கிராமங்களுக்குக் கரண்டை நிறுத்தினேன் என்பதை வெளியில் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் பெயர் வெயிலுமுத்து. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். விசில் இல்லாமலே மைதானத்தை நிறுத்தக்கூடிய ஆள். ஒரு வாக்கியத்தை முடிக்குமுன் அடுத்ததை ஆரம்பித்துவிடுவார். பம்ப் வைத்த பிறகு அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்த வாய் போய்விட்டது. நான் ஏதாவது கேட்டால் முகத்தைப் பார்ப்பார், உதடு அசையும், ஒன்றும் வராது. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு தூங்குவார். வயதாகிறது அல்லவா என்றார்கள் டாக்டர்கள். அறுபத்தாறு ஒரு வயதா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஆள் இருக்கிறாரே, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் மகள் ஆதிரைக்கு டோக்கியோவில் வேலை. வாங்க வாங்க என்று இரண்டு வருடமாகக் கூப்பிட்டாள். பயணத்துக்கு முன்னால் நான் செய்த ஏற்பாடுகளைப் பார்த்திருந்தால், ராக்கெட் விடப் போகிறோமோ என்று நினைத்திருப்பீர்கள். நம் பெல்ட்டுக்கு மூன்று உருண்டைப் பின், ஜப்பான் சுவரில் இரண்டு தட்டைத் துளை. அதற்கு அடாப்டர் நான்கு வாங்கினேன். அடாப்டர் என்பது வெறும் வேஷம்தான், பின்னின் உருவத்தை மாற்றுமே தவிர உள்ளே ஓடும் கரண்டை மாற்றாது என்று விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரருக்குக்கூட வகுப்பெடுத்தேன். அங்கே வோல்ட் நூறுதான். பெல்ட்டின் மேல் நூறு முதல் இருநூற்று நாற்பது வரை என்று எழுதியிருந்தது, கவலையில்லை. ஐம்பது ஹெர்ட்ஸ் மட்டும் என்றும் எழுதியிருந்தது. டோக்கியோவில் எவ்வளவு என்று தேடிப் பார்த்தேன், ஐம்பது. அதையும் நம்பாமல் மகள் வீட்டுச் சுவரில் என் டாங் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். வயரைக் கவ்விப் பிடித்து வோல்ட்டையும் சுற்றையும் சொல்லும் கருவி அது, ஓய்வு பெற்ற பிறகும் என் கைப்பையை விட்டு இறங்காதது. ஐம்பது புள்ளி பூஜ்யம் காட்டியது. பத்து நாள் அங்கே நிம்மதியாக இருந்தோம்.

பதினோராவது நாள், எங்களை ஒசாகாவுக்கு இரண்டு நாள் சுற்றுலாவுக்கு அனுப்பினாள் மகள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. ஹோட்டல் அறையில் சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல் பெல்ட்டைக் கட்டி, அடாப்டரைச் செருகி, அவரைப் படுக்க வைத்தேன். டாங் டெஸ்டரை வெளியே எடுக்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் என் மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒரு வாசகம் தொங்கியது: ஒரே நாடு, ஒரே கிரிட், ஒரே ஃப்ரீக்வென்சி. ஒரு நாடு என்றால் அதற்கு ஒரு ஃப்ரீக்வென்சிதான், ஒரே சுற்றுக் கணக்குதான் இருக்கும். இதைப் போய் யாராவது சோதிப்பார்களா?

மூன்று மணிக்கு அவர்தான் என்னை எழுப்பினார். நான்கு வருடத்தில் அது ஒரு தடவைகூட நடந்ததில்லை.

"வல்லி, எந்திரி. இங்க கோட்டை இருக்குன்னியே, இங்கிட்டு வந்து படுத்துக் கிடக்கவா டிக்கெட் போட்டோம்?"

கோட்டையின் படிகளில் எனக்கு முன்னால் ஏறினார். வரிசையாகப் போன பள்ளிக்கூடப் பிள்ளைகளை நின்று பார்த்து, கடைசிப் பயல் மட்டும் கையை வீச மாட்டேங்கிறான் என்று குறை சொன்னார். மேல்மாடத்தில் காற்று வீசியது. அங்கே நின்றுகொண்டு, ஆதிரை முகம் வாடியிருக்கிறது, வேலையில் ஏதோ சரியில்லை, கேட்டுப் பார் என்றார். அதற்கு முன்பு பத்து நாள் அவளோடு இருந்த எனக்கு அது கண்ணில் படவேயில்லை. நான் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். ஊர் மாறினால் உடம்பு தேறும் என்று நம்பி அழுதேன். குளிர்ச்சியான ஊர், நல்ல தண்ணீர், அதுதான் காரணம் என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சட்டை போடும்போது பெல்ட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். நஸ்ரின் என்றொரு பெண் சென்னையிலிருந்து எடுத்தாள். பம்பின் விவரம் அவள் திரையில் வர ஒரு நிமிடம் ஆனது. பிறகு அவள் குரல் மாறிவிட்டது.

"மேடம், சாருக்கு எழுபத்தெட்டு அடிக்குது. நீங்க டோக்கியோன்னுதானே எழுதிக் குடுத்தீங்க?"

"இப்ப ஒசாகாவுல இருக்கோம். ரெண்டு நாளுக்கு."

"ஒசாகாவுல அறுபது ஹெர்ட்ஸ் மேடம்."

நான் மின்வாரியத்தில் இருந்தவள், அப்படி இருக்காது என்று அவளுக்கே பாடம் எடுத்தேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். நூறு வருடத்துக்கும் முன்னால் டோக்கியோக்காரர்கள் முதல் மின்னாக்கியை ஜெர்மனியிலிருந்து வாங்கினார்களாம், ஒசாகாக்காரர்கள் அமெரிக்காவிலிருந்து. அது ஐம்பது, இது அறுபது. இன்றுவரை யாரும் சேர்த்து வைக்கவில்லை. நடுவில் ஒரு ஆறு ஓடுகிறது, அதற்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. பம்ப் நேற்று மதியம் அறுபது சுற்றை எண்ணியிருக்கிறது. தன் கடிகாரம்தான் மெதுவாக ஓடுகிறது போல என்று நினைத்து, ஐந்தில் ஒரு பங்கு வேகத்தைக் கூட்டிக்கொண்டுவிட்டது.

நான் டாங் டெஸ்டரை எடுத்துச் சுவரில் வைத்தேன். அறுபது. என் வாழ்நாளில் அந்த எண்ணை எந்தச் சுவரிலும் பார்த்ததில்லை.

"இதனால என்ன ஆகும்மா?" என்று கேட்டேன்.

"உள்ளார ஒரு சவ்வு இருக்கு மேடம். அதுதான் அடிக்கும். எழுபத்தெட்டுல அது மூணு நாள்தான் தாங்கும், அப்புறம் கிழிஞ்சிரும். ஒரு நாள் ஏற்கெனவே போயிருச்சு. வேகமா ஓடுறதால சார்ஜும் சீக்கிரம் இறங்குது. இன்னிக்கி சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள ஐம்பது ஹெர்ட்ஸ்ல சார்ஜ் போட்டுருங்க. அறுபதுல மறுபடியும் போட்டா இதே வேகந்தான் ஓடும்."

மணி அப்போது ஒன்பதரை. டோக்கியோவுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம். ஆற்றைத் தாண்டினால் போதும், முதல் ஸ்டேஷனிலேயே சுவரைத் தேடிச் செருகிவிடலாம். பெட்டியைக்கூட எடுக்காமல் அவரை இழுத்துக்கொண்டு ஓடினேன். ஸ்டேஷனில் மனிதத் தலைகள். வழியில் கடும் மழையாம், தண்டவாளத்தில் மண் சரிந்துவிட்டதாம், கிழக்கே போகும் எல்லா ரயிலும் நாளைவரை ரத்து. விமானத்தில் இடமே இல்லை என்று ஆதிரை அலுவலகத்திலிருந்து அழுதுகொண்டே சொன்னாள். கார் பிடித்துப் போகலாமா என்று கேட்டேன். மலைப்பாதையையும் மூடிவிட்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனோம். வயதான டாக்டர், மொழிபெயர்க்கும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். அவர்கள் நாட்டில் பதிவில்லாத கருவியைத் திறந்து திருத்தத் தனக்கு அனுமதியில்லை, படுக்க வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், மயங்கினால் வேண்டியதைச் செய்கிறேன் என்றார். நல்ல மனிதர். தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். அந்த ஆஸ்பத்திரிச் சுவரிலும் அறுபதுதான்.

அங்கிருந்து மின்சாதனக் கடைக்கு. ஆறு மாடிக் கடை. மூன்றாவது மாடியில் ஒரு சுவர் முழுக்க அடாப்டர் தொங்கியது. எந்த நாட்டுப் பின்னையும் எந்த நாட்டுத் துளையிலும் செருகலாம், அவ்வளவு தினுசு. நான் ஐம்பது சுற்று கேட்டேன். கடைக்காரப் பையன் கம்ப்யூட்டரில் தேடினான். அறுபதை ஐம்பதாக்கும் பெட்டி இருக்கிறது, தொழிற்சாலைகள் வாங்குவது, வெள்ளிக்கிழமை வரும் என்றான். அன்று புதன். நான் அந்த அடாப்டர் சுவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பரீட்சை எழுதி, பட்டம் வாங்கி, ஒரு மாநிலத்துக்கே கரண்ட் பங்கிட்டவள், புருஷனின் நெஞ்சை ஒரு ஹோட்டல் சுவரில் செருகிக் கெடுத்துவிட்டேன். இதை விட முட்டாள்தனத்தை ஒருத்தி செய்ய முடியாது.

அவர் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். குத்துக்காலிட்டு! நான்கு வருடமாக அவரால் செருப்பைக்கூடக் குனிந்து போட முடிந்ததில்லை.

"எந்திரி வல்லி. நாலு பேரு பாக்குறாங்க. வா, வெளியில காத்தாட நடப்போம்."

மணி மூன்று. கால் போன போக்கில் நடந்தோம். ஒரு சின்னக் கோயில் முற்றத்தில் கடைகள் போட்டிருந்தார்கள். அங்கேதான் அந்தச் சத்தம் கேட்டது. பழைய ஜெனரேட்டர், பெட்ரோல் எஞ்சின். அந்தக் கடையில் ஓர் அம்மாள், அறுபத்தைந்து வயதிருக்கும், நம் குழிப்பணியாரக் கல்லே போன்ற ஒன்றில் உருண்டை சுட்டுக்கொண்டிருந்தார். உள்ளே ஆக்டோபஸ் துண்டு வைப்பார்களாம். அடுப்பு கேஸ், விளக்குக்கும் குளிர்பெட்டிக்கும்தான் ஜெனரேட்டர்.

எஞ்சின் சுற்றுவதைப் பொறுத்துத்தான் கரண்டும் சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு மூவாயிரத்து அறுநூறு சுற்றினால் அறுபது. மூவாயிரத்துக்கு இறக்கினால் ஐம்பது. புதிய ஜெனரேட்டராக இருந்தால் உள்ளே எலெக்ட்ரானிக்ஸ் இருக்கும், ஒன்றும் செய்ய முடியாது. இது எங்கள் வாரியத்தின் பழைய முகாம்களில் கிடந்த ரகம். வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு ஸ்க்ரூ, அவ்வளவுதான். சுவர்தான் பிடிவாதம் பிடிக்கும், எஞ்சின் சொன்னபடி கேட்கும்.

கடைக்கார அம்மாளின் பெயர் மிட்சுயோ. போனில் மொழிபெயர்த்துக் காட்டினேன். கணவர், இதயம், கரண்ட், இரண்டு மணி நேரம். அவர் போனைப் படித்துவிட்டு, இவரை ஏற இறங்கப் பார்த்தார். நோயாளி எங்கே என்று கேட்டார். இவர்தான் என்றேன். நம்ப முடியாமல் இன்னொரு தடவை பார்த்தார். ஆனாலும் குளிர்பெட்டியின் வயரைப் பிடுங்கி, விளக்கை அணைத்து, கல்லின் கீழிருந்த அடுப்பையும் நிறுத்தி, ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். ஜெனரேட்டரில் இரண்டு தட்டைத் துளை. என் அடாப்டர் அதில் கனகச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

நான் பெல்ட்டை எடுத்தபோது என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். இப்படியே இருக்கட்டும்."

"விளையாடாதீங்க. மூணு நாள்தான்னு சொல்றா அந்தப் பொண்ணு. அதுலயும் ஒரு நாள் போயிருச்சு."

"ரெண்டு நாள் இருக்குல்ல. போதும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான்கு வருடமாக உங்களுக்கு ஊட்டிவிட்டு, குளிப்பாட்டி, பெல்ட் கட்டி, ஒரு கல்யாணம் காட்சிக்குப் போகாமல் கிடந்தது இரண்டு நாளுக்காகவா என்று கத்தினேன். மிட்சுயோ திரும்பி நின்று உருண்டைகளை அடுக்கினார். என் கணவர் நான் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்.

"நீ இந்த நாலு வருஷமா பேசுனது எல்லாம் எனக்குக் கேட்டுச்சு வல்லி. ஒண்ணு விடாம. பதிலு எனக்குள்ள இருக்கும். அதை யோசிச்சு, வாய்க்குக் கொண்டாந்து, தொறந்தா, நீ எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருப்ப. தெனமும். நான் வெறும் ரூம்புக்குப் பதில் சொல்லிட்டு இருந்தேன்."

பெல்ட்டின் வயரைக் கையில் சுற்றினேன், அவிழ்த்தேன்.

"நேத்துத்தான் உன்னைப் பிடிச்சேன். ரெண்டு நாள்னா ரெண்டு நாள். பேசிட்டுப் போறேன்."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றும் எனக்குத் தெரியாது. செய்ததை மட்டும் சொல்கிறேன். அவர் கையை உதறிவிட்டுப் பெல்ட்டைக் கட்டினேன். மிட்சுயோவிடம் ஸ்க்ரூடிரைவர் வாங்கி ஸ்க்ரூவைத் திருப்பினேன். எஞ்சின் முக்கியது. டெஸ்டரில் எண் இறங்கியது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தைந்து, ஐம்பத்திரண்டு. ஐம்பதில் நிறுத்தினேன். முப்பத்திரண்டு வருடப் பழக்கம், அரைப் புள்ளிகூடப் பிசகவில்லை.

அவர் என்னைத் தடுக்கவில்லை. கிடைத்த நேரத்தில் பேசினார். ஆதிரையை அந்த வேலையை விடச் சொல் என்றார். மாடிக் குழாய் ஒழுகுவதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்ததாகச் சொன்னார். போன வருடம் நான் என் அக்கா செத்த துக்கத்தில் கட்டிலோரத்தில் உட்கார்ந்து, எனக்கு யாருமே இல்லை என்று சொன்னேனாம். அதற்குப் பதில் சொல்ல வேண்டும், நான்கு வார்த்தைதான், இத்தனை நாளாக வைத்திருக்கிறேன் என்றார். பம்ப் ஒரேயடியாக வேகத்தைக் குறைக்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்கும். கால் மணி நேரத்தில் வார்த்தைகளுக்கு நடுவில் இடைவெளி விழுந்தது. "நீ அப்படிச் சொன்னப்ப... நான்..." என்றார். உதடு அசைந்தது. என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பழைய பார்வை. பிறகு தலை மார்பில் சாய்ந்துவிட்டது. சிவப்பு விளக்கு பச்சையானது.

நான் காப்பாற்றிவிட்டேன். அதைச் சொல்ல ஆதிரையைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தபோது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. நஸ்ரின்தான். இது அவளுடைய சொந்தப் போன் என்றாள். அலுவலகப் படிக்கட்டில் நின்று பேசுவது போல் குரல் எதிரொலித்தது. இந்தத் தடவை மேடம் என்று கூப்பிடவில்லை.

"அம்மா, திரையில அறுபத்தஞ்சு வந்துருச்சு. எங்க போய் ஐம்பது பிடிச்சீங்க?"

ஜெனரேட்டரையும் ஸ்க்ரூவையும் சொன்னேன். அவள் ஏதோ ஒரு கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மூணு நாள்ங்கிறது பொய்ம்மா. அப்படிச் சொல்லணும்னு எங்களுக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. முதல்ல எல்லாருக்கும் எழுபத்தெட்டுதான் வச்சாங்க. அதுதான் மனுஷனுக்குத் தேவை. அந்த வேகத்துல சவ்வு பதினொண்ணு, பன்னெண்டு வருஷம் வரும். அப்புறம் இருபது வருஷம் உத்தரவாதம்னு விளம்பரம் குடுத்துட்டாங்க. இருபது வரணும்னா மெதுவா ஓடணும். அதான் அறுபத்தஞ்சு. மூளைக்கு ரத்தம் போதாதுன்னு அவங்களுக்கும் தெரியும்."

"இதை ஏம்மா காலையில சொல்லல?"

"அது ரெக்கார்ட் ஆகும்மா." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "எங்க வாப்பாவுக்கும் இதே பம்ப்தான். மூணு வருஷமா சேருல உக்காந்தே இருக்காரு. அந்த ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்கும்மா? வலது பக்கம் திருப்பினா கூடுமா, இடது பக்கமா?"

சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.

போனை வைத்துவிட்டு எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான்கு வருடம் முடிந்துவிட்டது. ஐம்பதில் வைத்தால் இன்னும் பதினாறு வருடம் அவர் இருப்பார், இப்படி. அறுபதில் வைத்தால் இன்னும் ஏழு, எட்டு. இதில் எது நல்லது என்று சொல்ல எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அரை மணி நேரத்துக்கு முன்னால் அவர் தனக்கு வேண்டியதைத் தெளிவாகச் சொன்னார். அதைக் காதில் வாங்காமல் நான் ஸ்க்ரூவைத் திருப்பினேன்.

அவருடைய தோளைத் தட்டி எழுப்பினேன். கண்ணைத் திறந்தார். முன்னால் மண்டியிட்டு, நஸ்ரின் சொன்ன எல்லாவற்றையும் மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னேன். எவ்வளவில் வைக்கட்டும் என்று கேட்டேன். பிறகு காத்திருந்தேன். மிட்சுயோ ஒரு தட்டில் ஆறிப்போன உருண்டைகளை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். கோயிலில் யாரோ மணியடித்துக் கும்பிட்டார்கள். அவருடைய உதடு ஒரு தடவை அசைந்து நின்றது. எழுந்து அவருக்குத் தண்ணீர் எடுத்து வரலாம் என்று என் உடம்பு பரபரத்தது. முட்டியைத் தரையில் அழுத்திக்கொண்டு அங்கேயே இருந்தேன். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. ஒரு மனிதரின் பதிலுக்கு நான் அவ்வளவு நேரம் இருந்ததேயில்லை.

"நீ..." என்றார். வெகுநேரம் கழித்து, "எத்தனை வருஷம்... இருப்ப?"

எனக்குப் புரியவில்லை. அவர் இன்னொரு முறை உதட்டைக் கூட்டினார்.

"அதுக்குத்... தக்கன வை."

எனக்கு அறுபத்தொரு வயது. எங்கள் அம்மா எழுபது தொடவில்லை. அக்கா சரியாக அறுபத்தெட்டில் போனாள். முப்பத்திரண்டு வருடம் ஒரு மாநிலத்தின் தேவையைக் கணக்குப் போட்டவளுக்கு இந்தக் கணக்கு ஒரு நொடிகூட எடுக்கவில்லை. ஏழு, எட்டு. விடை அறுபது, அது இந்த ஊர்ச் சுவர் முழுக்க இருந்தது. நாளை டோக்கியோச் சுவரிலும் அடுத்த வாரம் மதுரைச் சுவரிலும் ஐம்பதுதான் இருக்கும். இனி ஒவ்வொரு மதியமும் அறுபதை நானே ஒரு ஜெனரேட்டரில் தயார் செய்ய வேண்டும். வாரியத்தில் இருந்தவரை, ஐம்பதை மீறும் இப்படிப்பட்ட ஆட்கள்மேல் நான் புகார் எழுதியிருக்கிறேன்.

ஸ்க்ரூவை வலது பக்கம் திருப்பினேன். எஞ்சின் சத்தம் ஏறியது. ஐம்பத்துநான்கு, ஐம்பத்தேழு, அறுபது. பெல்ட்டில் பச்சை போய்ச் சிவப்பு வந்தது. மிட்சுயோ என்னைக் கேட்காமலே தன் குளிர்பெட்டியை மறுபடியும் செருகி, அடுப்பைப் பற்றவைத்தார். நான் மண்டியிட்ட இடத்துக்கே திரும்பி வந்தேன். முட்டி வலித்தது. கால் மணி நேரம், இருபது நிமிடம். அவருடைய கன்னத்தில் மெல்ல நிறம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் தலையை நிமிர்த்தினார். எதிரில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று பழகிப்போன கண்கள் முதலில் எனக்குப் பின்னால் எங்கோ தேடின. அப்புறம்தான் என்மேல் விழுந்தன.

"நீ இன்னும் போகலியா?" என்று கேட்டார்.